வாளும் வரியும்

பேரரசு ஒன்று பிறந்த கதையைக் கேளுங்கள், நம் புலவர் வாளைக் காட்டுவர், வாம்பரியைக் காட்டுவர், கனவிலே வந்து வாள் கொடுத்த தேவியைக் காட்டுவர். அந்தப் பேரரசு நூறாண்டு, இருநூறாண்டு நிலைத்து நின்றது எப்படி என்று கேளுங்கள், ஏடு மூடிக்கொள்ளும்! வென்றவன் யார் என்பதை விரித்துரைக்கும் நம் இலக்கியம், வென்ற நிலத்தில் விளைந்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போயிற்று என்பதை விளம்புவதே இல்லை. களத்துப் பரணி பாடியவர் பலர். நெற்களத்துக் கதையைப் பாடியவர் எத்தனை பேர்?

இந்தக் குறையை எடுத்துக்காட்டப் பழைய தலைநகரங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஹம்பியும் கோல்கொண்டாவும் தில்லியும் கிடக்கட்டும், தாம்பரத்தோடு நிற்போம். ஆண்டுதோறும் கோடையில் தாம்பரம் வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. ஊர்க் கணக்குகள் வருகின்றன; சரி பார்க்கப்படுகின்றன; முடிக்கப்படுகின்றன. எந்த ஆண்டுக் கணக்கு? கிறித்துவ ஆண்டும் அன்று, திருவள்ளுவர் ஆண்டும் அன்று. பசலி ஆண்டு! 2025 ஜூலை முதல் நாள் பிறந்தது பசலி 1435. அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வரி வாங்குவதற்கென வகுக்கப்பட்டது இந்த ஆண்டு முறை. ஷாஜகான் 1636 ஆம் ஆண்டில் அதைத் தக்காணத்தில் புகுத்தினான். அன்று இசுலாமிய ஆண்டு 1046. அந்த எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதற்குமேல் கதிரவன் கணக்கில் எண்ணிக்கொண்டே வந்தனர். கிறித்துவ ஆண்டுக்கும் பசலிக்கும் இடையே 590 என்ற வேறுபாடு வந்த வரலாறு இதுதான்.

முகலாய அரியணை போயிற்று. மயிலாசனம் கொள்ளை போயிற்று. கடைசிப் பேரரசனை 1858 இல் இரங்கூனுக்கு நாடு கடத்தினான் வெள்ளையன். அந்த வெள்ளையனும் 1947 இல் கப்பலேறினான். ஆனால் செம்பாக்கத்துப் புன்செய்க்கும் முடிச்சூர் நன்செய்க்கும் கணக்கெழுதும் ஆண்டு மட்டும் ஷாஜகான் வைத்தபடியே நடக்கிறது. தாலுக்கா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், கிஸ்தி, ரசீது, மிராசு, ஜாகீர் — எந்தப் போரில் வந்தன இந்தச் சொற்கள்? வாள் துருப்பிடித்து அருங்காட்சியகம் புகுந்தது. சொல்லோ இன்னும் அலுவலக மேசையில் அரசு நடத்துகிறது. பேரரசு என்பது எங்கே குடியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஏடுகளை அணுகுவோம். இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று அரண்மனைக் காவியம், மற்றொன்று தெருப்பாட்டு.

அரண்மனைக் காவியம் ‘மதுரா விஜயம்’. எழுதியவர் கங்காதேவி, விசயநகரத்து இளவரசன் குமார கம்பணனின் மனைவி. கணவன் பெற்ற வெற்றியை மனைவி வடமொழியில் காவியமாக்கினார். பதினான்காம் நூற்றாண்டில் ஒரு பெண் காவியம் எழுதினார் என்பதற்காகப் பாராட்டுவோம், தயங்க வேண்டியதில்லை. சொல்லாட்சி உண்டு, வருணனை உண்டு, ஓட்டம் உண்டு. ஆனால் கதையின் கட்டுக்கோப்பைக் கவனியுங்கள். மதுரையிலே சுல்தான் ஆட்சி, அறம் அழிந்தது, கோயில் பாழ்பட்டது, தேவி தோன்றுகிறாள், அவலத்தை அடுக்குகிறாள், வாளைத் தருகிறாள், வீரன் புறப்பட்டு மதுரையை மீட்கிறான். அறம் காக்க வந்த அரசு என்ற படம் கண்முன் எழுகிறது.

நன்று! ஆனால் அந்த அறங்காவலனின் வாள் முதலிலே எந்தக் கழுத்தின்மீது பாய்ந்தது? மதுரைச் சுல்தான் மீதா? இல்லை. காவியமே ஒளிக்காமல் சொல்கிறது. முதலில் வீழ்ந்தவன் சம்புவராயன்! படைவீட்டில் இருந்துகொண்டு தொண்டை மண்டலத்தை ஆண்ட தமிழ் மன்னன்; கோயிலுக்குக் கொடை கொடுத்தவன்; கம்பணன் வணங்கிய கடவுளரையே வணங்கியவன். அவன் எந்த அறத்தை அழித்தான்? எந்தக் கோயிலை இடித்தான்? காவியத்தில் விடை இல்லை. தந்தை புக்கன் முதலில் சம்பனை வெல்லச் சொன்னான், மகன் வென்றான், அவ்வளவே. வென்றபின் பருவ இன்பங்களில் தலைவன் திளைப்பதற்குப் பாட்டுப் பாட்டாக இடம் இருக்கிறது. தேவி வந்து அழுவதெல்லாம் அதற்குப் பிறகு! காஞ்சியும் பல்லாவரமும் தாம்பரமும் சார்ந்த நிலம் கைவந்தாயிற்று. ஏரிப்பாசனம் பெருத்த தொண்டை மண்டலம் கருவூலத்தில் சேர்ந்தாயிற்று. அதன் பிறகே அறம் நினைவுக்கு வருகிறது. காவியத்தின் சுவையை நான் குறை கூறவில்லை. அதன் வரிசையைப் படிப்பவர் கண் திறந்து படிக்க வேண்டும் என்கிறேன். சமயம் காக்க எழுந்த சாம்ராச்சியம் என்று பாடநூல்கள் எழுதுகின்றனவே, அவை கங்காதேவியையே சரியாகப் படிக்கவில்லை.

வென்ற நிலத்தை அந்த அரசு எப்படிக் கட்டிக்காத்தது? நாயக்கர் முறை என்பர். நிலம் முழுதும் மன்னனுடையது. மன்னன் அதைத் தளபதிகளுக்குப் பகிர்ந்தளிப்பான். தளபதி, இத்தனை குதிரை இத்தனை காலாள் என்று படை வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை பொன் என்று தலைநகருக்குக் கட்ட வேண்டும். மிச்சம் அவன் பாடு. 1530-களில் விசயநகரத்தைப் பற்றி எழுதிவைத்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிசு, உழவர் தம் விளைவில் பத்தில் ஒன்பது பங்கைத் தலைவர்க்குக் கொடுத்தனர் என்கிறார். வணிகர் கணக்கு, சற்று மிகையாகவும் இருக்கலாம். ஆனால் மிகைக்கும் ஓர் அடிப்படை வேண்டுமன்றோ?

அடிப்படை கல்லிலேயே இருக்கிறது. 1429 ஆம் ஆண்டில் தஞ்சை, தென்னார்க்காட்டுப் பகுதிக் கோயில்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் சில உண்டு. வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றாகக் கூடின. ஒருவர் தெருவில் மற்றவர் போனால் கைகலக்கும் கட்சிகள் அவை! அரசு அதிகாரிகளும், அவர்களோடு கைகோத்த பார்ப்பன, வேளாள நிலவுடைமையாளரும் சுமத்திய முறைகெட்ட வரிகளைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன. எந்த வரி எவ்வளவு கொடுப்போம் என்று தாமே வரையறுத்துக் கல்லில் பொறித்தன. கம்பீரமான தமிழ் அது. அலங்காரம் இல்லாத தமிழ். அதை இலக்கிய வகுப்பில் பாடமாக வைத்தவர் உண்டா? ‘மதுரா விஜய’த்துக்கு உரை உண்டு, மொழிபெயர்ப்பு உண்டு, கொடுக்கமாட்டோம் என்று குடிகள் வெட்டிய கல்லுக்கு ஆராய்ச்சியாளரின் அடிக்குறிப்பு மட்டுமே உண்டு. இது திறனாய்வின் குறையா, திறனாய்வாளரின் குலப்பெருமையா?

காலம் உருண்டது. 1565 இல் தலைக்கோட்டைப் போர், விசயநகரம் வீழ்ந்தது, பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரம் தெற்கு நோக்கி நகர்ந்தது. 1639 இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் கடற்கரை மணலில் ஒரு துண்டை ஆங்கிலேயருக்கு அளித்தார். அவர் தம்பி அய்யப்பர் பூவிருந்தவல்லியில் இருந்தார். துறைமுக வருவாயில் பாதி என்பது பேச்சு. பேரரசின் ஓரத்தில் இருந்த தளபதி, தன் வருவாயைப் பெருக்கிக்கொள்ளச் செய்த சிறு பேரம்! அதற்குள் வடக்கிலிருந்து கோல்கொண்டா வந்தது. 1640-களின் பிற்பகுதியில் மீர் சும்லா இந்தப் பகுதியைப் பிடித்தார். கோல்கொண்டாவின் முறை குத்தகை. வரி வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது. மிகுதியாகக் கேட்டவனுக்குக் கொடுப்பது. அவன் குடிகளிடம் எப்படி வாங்குகிறான் என்று கேட்காமல் இருப்பது. சுல்தான் முசுலிம், அவன் அரசின் உச்சியில் அமர்ந்து இந்தக் கணக்கை நடத்திய அமைச்சன் மாதண்ணா பார்ப்பனர். 1686 இல் அவரும் அவர் தமையன் அக்கண்ணாவும் கொலையுண்டனர். 1687 இல் கோல்கொண்டாவை ஔரங்கசீப் விழுங்கினான். இந்து அரசு, முசுலிம் அரசு என்று வண்ணம் பூசிப் பிரித்துக் காட்டுவோர், வசூல் அறைக்குள் எட்டிப் பார்த்தால் வண்ணம் கலைந்துவிடும்.

இனி, தெருப்பாட்டு. தேசிங்கு ராசன் கதையைக் கேட்காத செவி உண்டா தொண்டை நாட்டில்? மரத்தடியிலும் திருவிழாத் திடலிலும் கூத்து மேடையிலும் பாடிப் பாடி வளர்ந்த கதை. எட்டாண்டுக் காலம் முற்றுகையிட்டு 1698 இல் செஞ்சியை முகலாயர் பிடித்தனர். பண்டேலா இராசபுத்திரன் சொரூப்சிங்கிடம் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. அவன் 1714 இல் மாண்டான், மகன் தேசிங்கு உரிமை கொண்டாடினான், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் ஏற்கவில்லை, படை வந்தது, அதே ஆண்டு அக்டோபரில் தேசிங்கு களத்தில் விழுந்தான்.

பாட்டு இதைக் கொண்டு என்ன செய்தது? முதலில் புகழ வேண்டியதைப் புகழ்வேன். மணவறையை விட்டெழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்த மகமத்கானை இந்தப் பாட்டு மறக்கவில்லை. இராசபுத்திரனும் முசுலிமும் தோளோடு தோள் நின்று ஒரு முசுலிம் நவாபை எதிர்த்தனர் என்பதைப் படிக்காத பாணன் எந்தத் தயக்கமும் இன்றிப் பாடினான். கற்ற காவியத்துக்கு வராத நேர்மை கல்லாத பாட்டுக்கு வந்தது. சிங்கவரத்து அரங்கநாதர் போருக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற கதையும் உண்டு. கடவுள் முகந்திருப்பினார், நண்பன் திருப்பவில்லை! பாட்டுக் கேட்ட மக்கள் மனத்தில் யார் உயர்ந்து நின்றிருப்பர் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் பாட்டின் ஓட்டை எங்கே? போருக்குக் காரணம் வரிப்பாக்கி. தந்தை காலத்துப் பாக்கியை நவாபு கேட்டான், மகன் மறுத்தான். பாட்டில் இது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. யாரடா கேட்பது, யாரடா கொடுப்பது என்ற வீரவசனம் ஆகிவிடுகிறது. தில்லிக்குக் கட்ட வேண்டிய அந்தப் பணம் தேசிங்கின் பெட்டியில் முளைத்ததா? செஞ்சிச் சீமையின் உழவன் கொடுத்ததுதானே? தேசிங்கு வென்றிருந்தால் அந்த உழவனுக்குக் கிஸ்தி குறைந்திருக்குமா? பாணன் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. குதிரை நீலவேணிக்குப் பாட்டில் பெயர் உண்டு. உழுத மாட்டுக்கும் மனிதனுக்கும் பெயர் இல்லை. பாடியவனும் ஏழை, கேட்டவனும் ஏழை. பாட்டுடைத் தலைவன் மட்டும் அரசன்! நம்மைப் பற்றி நாமே பாடிக்கொள்ளக் கூச்சப்பட்ட காலம் அது.

உலகெங்கும் இதே நாடகம்தான். உதுமானியத் துருக்கியர் பீரங்கியால் கான்சுடாண்டிநோபிளை 1453 இல் பிடித்தனர் என்று படிக்கிறோம். ஆனால் பிடித்த நாட்டை ஊர் ஊராக, வீடு வீடாகப் பதிவேட்டில் எழுதிக் குதிரை வீரர்க்கு வரியைப் பகுத்துத் தந்ததால் நிலைத்தனர். அக்பரின் தோடர்மால் பத்தாண்டு விளைச்சலின் சராசரி பார்த்து 1580 இல் வரி வகுத்தார். மாசுகோவின் சார் மன்னர் 1649 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உழவனை நிலத்தோடு சேர்த்துப் பூட்டினார். ஓடினால் எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்து வரலாம். வெடிமருந்துப் பேரரசுகள் என்று இவற்றுக்குப் பெயர் சூட்டிய அறிஞர் உண்டு. பேரேட்டுப் பேரரசுகள் என்றால் இன்னும் பொருந்தும்.

நம் ஊருக்குத் திரும்புவோம். தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் பேரரசு யாரோடு உறவு வைத்தது? சோழர் காலத்திலேயே வேர் தொடங்குகிறது. நம் சோழன் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. பல்லவபுரம், வானவன்மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் மாறியதைத் திரிசூலத்துக் கோயில் கல்வெட்டுகள் கூறும். ஊர் நிலத்தின்மீது பரம்பரைப் பங்குரிமை பெற்ற காணியாளர், பார்ப்பனரும் வேளாளரும் பெரும்பாலும். வயலில் இறங்கியவர் ஆதிதிராவிடர். அவர் வாழ்ந்த சேரி மனையும் காணியாளர்க்குச் சொந்தம். விசயநகரம் வந்தது, காணியாட்சி நின்றது. கோல்கொண்டா வந்தது, காணியாட்சி நின்றது. முகலாயரும் நவாபும் வந்தனர். காணியாட்சிக்கு ‘மிராசு’ என்று பெயர் மட்டும் மாறிற்று. ஏன்? எந்த வயல் எந்த மடையில் பாய்கிறது, எந்த ஏரியில் எத்தனை மாதம் நீர் நிற்கும் என்பது வென்றவனுக்குத் தெரியாது. காணியாளனுக்கும் அவன் கணக்கனுக்கும் தெரியும். ஆகவே பேரம் படிந்தது. என் வரியை நீ கொடு. உன் ஊரை நீ ஆள்! மேலே ஆள்வோர் மாற, கீழே ஆள்வோர் மாறாத இந்த ஏற்பாட்டுக்குத்தான் நிலைபேறு என்று வரலாற்றாசிரியர் பெயர் வைத்தனர்.

1763 இல் நவாபு முகமது அலி இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தான். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர் ஓலையில் தமிழில் எழுதித் தந்தனர். எத்தனை காணி, எத்தனை ஏரி, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, களத்துப் பொலியில் அரசன் பங்கைப் பிரிக்குமுன் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு, தச்சனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் எத்தனை மரக்கால் — எல்லாம் அதில் உண்டு. இந்த ஓலைகளைப் பழைய பாரதத்தின் பொற்காலச் சான்று என்று போற்றுவோர் இருக்கின்றனர். ஊர் தன்னைத் தானே நடத்திக்கொண்டது என்பதற்கு அவை சான்று, ஒப்புகிறேன். யாருக்காக நடத்திக்கொண்டது என்பதற்கும் அவையே சான்று! பங்கு வரிசையில் முதலில் நின்றவன் யார், கடைசியில் பதர் தூற்றியவன் யார் என்று அதே ஓலையை இன்னொரு முறை படிக்கட்டும்.

1794 முதல் 1798 வரை இங்கே வசூல் நடத்திய லயனல் பிளேசு மிராசுதாரரோடு மோதினார். உடன்படாத சிலரின் உரிமையைப் பறித்தார். ஆயினும் மிராசு சாகவில்லை. அதற்கு உரம் போட்ட நூல் ஒன்று 1818 இல் அச்சாயிற்று. மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு விடை. எழுதியவர் யார்? எல்லிசு! ஆம், நம் எல்லிசு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் பிள்ளைகள் அல்ல, தனிக்குடும்பம் என்று 1816 இலேயே நிறுவியவர், குறளில் தோய்ந்தவர், சென்னை ஆட்சியர். மொழிக்கு அவர் செய்த தொண்டுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அதே கை எழுதிய மிராசு நூலைப் பற்றி நம் மேடைகள் பேசுவதில்லை. மிராசு உரிமை தொன்மையானது, மதிக்கத்தக்கது என்று வாதாடும் அந்த நூலிலேயே, அதனோடு பண்ணையடிமைகள் ஒட்டிக் கிடந்த நிலையும் பதிவாகியிருக்கிறது. மொழியின் பழமையைத் தேடிய அறிவு, உரிமையின் பழமையைக் கண்டவுடன் கைகட்டி நின்றது. பழமை என்ற ஒரே தகுதி போதும் என்றால், அடிமைக்கும் அந்தத் தகுதி உண்டே! நம்மவர் என்பதால் எல்லிசை இந்தக் கேள்வியிலிருந்து விலக்கிவிட முடியாது.

விளைவு? 1843 இல் அடிமைமுறைக்கெதிரான சட்டம் வந்தும், செங்கற்பட்டு மாவட்டத்தில் தரிசு நிலத்துக்கு ஆதிதிராவிடர் விண்ணப்பித்தால் மிராசுதாரர்க்கே முன்னுரிமை. பயிரிடாத நிலம்தான், ஆனால் சேரிக்காரன் கேட்டான் என்றவுடன் மிராசுதாரர் தமக்கு வேண்டும் என்பார், விண்ணப்பம் விழும். மீறிக் கேட்டால் குடிசை போகும், மனை மிராசுதாரருடையதாயிற்றே! மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அப்போது இருந்தது சைதாப்பேட்டையில். ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரெமன்கீர் 1891 இல் எழுதிய அறிக்கை இதையெல்லாம் பக்கம் பக்கமாக எடுத்துரைத்தது. வரி தவறாமல் வரும்வரை ஊரின் உள்ளே பார்க்காதே என்ற பேரரசுகளின் பழைய ஒப்பந்தத்தை, பேரரசின் ஊழியர் ஒருவரே உடைத்துக் காட்டிய ஆவணம் அது. நடை வறண்டது, அரசாங்க நடை. ஆயினும் தொண்டை நாட்டைப் பற்றி எழுதப்பட்ட உரைநடைகளில் அதற்கு உயர்ந்த இடம் தருவேன். ‘மதுரா விஜய’மும் தேசிங்கு கதையும் காணாத மனிதன் அதில்தான் முதன்முதலாக முகத்தோடு வருகிறான்.

1892 இல் அரசாணை 1010 பிறந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம், பத்தாண்டு வரை விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அவ்வகுப்பாருக்கே விற்கவேண்டும். பஞ்சமி நிலம் என்று பெயர். மாநிலம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்று கூறப்படுகிறது. நிபந்தனை பேரேட்டில் இருந்தது. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணை என்ற ஊரில் அந்த நிலத்தை மீட்கப் புறப்பட்டவர்கள் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் திரண்டபோது காவலர் சுட்டனர், இருவர் மாண்டனர். பசலிக் கணக்கில் அது 1404 ஆம் ஆண்டு.